கடைசி வீட்டுப் புகை

பாலகிருஷ்ணன் வாடகையை ஏற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நூறோ இருநூறோ குறைக்கச் சொல்லி மல்லுக்கட்டியிருக்கலாம். அவர் வீட்டைக் காலி செய்து தரச் சொன்னார்.

"உங்க மேல எனக்கு ஒரு மனக்கொறையும் இல்லம்மா. ரோட்டுக் கம்பெனிக்காரங்க இஞ்சினீருங்க தங்கறதுக்கு வூடு கேக்கறாங்க. நீங்க குடுக்கறது போல மூணு பங்கு. ஆறு மாச வாடகைய முன்னாடியே குடுத்துட்டாங்க. நான் என்னா பண்றது சொல்லுங்க, எம் பொண்ணும் காலேஜிக்குப் போவுது."

விமலாராணிக்கு அவரோடு சண்டை போட மனம் வரவில்லை. பாலகிருஷ்ணன் கெட்டவர் இல்லை. அவள் மகள் லிசாவுக்குக் காய்ச்சல் கண்டபோது தன் வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்.

விருத்தாசலத்தைச் சுற்றி அரசாங்கம் நாலு வழிச் சாலை போடப்போகிறது, கோடி கோடியாகப் பணம் இறங்கப்போகிறது என்று பேச்சு வந்த அன்று, அவள் வேலை பார்த்த செராமிக் கம்பெனியில் முதலாளி எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். பணம் இறங்கத்தான் செய்தது. முதலில் லாட்ஜுகள் நிறைந்தன. பிறகு வாடகை வீடுகள். டீ பத்து ரூபாயிலிருந்து பதினைந்தானது. முட்டை, தண்ணீர் கேன், கீரைக்கட்டு என்று எல்லாம் ஏறின. வெளியூரிலிருந்து நானூறு ஐந்நூறு பேர் வந்து தங்கிச் சாப்பிடும்போது, அவர்கள் வாங்குகிற விலைதான் ஊர்க்காரர்களுக்கும்.

அதே சாலையில்தான் அவள் புருஷன் அகஸ்டினுக்கும் வேலை. சூளையில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தவன், இப்போது பெண்ணாடம் பக்கம், புதிதாகக் கொட்டிய மண்ணுக்குத் தண்ணீர் தெளிக்கிற டேங்கர் டிராக்டர் ஓட்டினான். சூளைக் கூலியைவிட நாளைக்கு இருநூறு ரூபாய் கூட. அந்த இருநூறு வீடு வந்து சேர்வதற்குள் தெருவிலேயே தீர்ந்துபோனது.

பத்து நாள் வீடு தேடினார்கள். தகரம் போட்ட ஒற்றை அறைக்கு ஆறாயிரம் சொன்னார்கள். மார்கழி இரண்டாம் ஞாயிறு, பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது அடைக்கலம் அருகில் வந்தார். அந்தக் கோயில் பங்கில் எல்லோருக்கும் தெரிந்த மனிதர். அவருடைய வீட்டையும் சாலைக்கு எடுத்திருந்தார்கள்.

"ரயில்வே லைனுக்கு அந்தாண்ட எங்க வரிசை இருக்குது இல்ல? பணம் குடுத்தாச்சு, ஆளுங்களும் போயிட்டாங்க. எங்க வூட்டுக்கு மட்டும் கூரை இருக்குது, கதவு இருக்குது. இடிக்க எப்பிடியும் ரெண்டு வருசம் ஆவும். நீங்க இருந்துக்குங்க. மாசம் ஆயிரம் குடுங்க, போதும்."

"சர்க்காரு எடுத்த எடத்துக்கு நீங்க எப்பிடி மாமா வாடகை வாங்குவீங்க?" என்றான் அகஸ்டின்.

"வாடகன்னு ஏன் நெனைக்கற? சாவி என்கிட்ட இருக்குது, அதுக்குன்னு வெச்சிக்க."

வரிசையில் பதினோரு வீடுகள். எல்லாச் சுவரிலும் சிவப்புப் பெயிண்டில் எண் எழுதியிருந்தார்கள். காலி செய்து போனவர்கள் கதவு, ஜன்னல், ஓடு, நிலை என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். வெறும் சுவர்கள், அவற்றில் ஓட்டை ஓட்டையாக வாசல்கள். முதல் வீடு மட்டும் அடைக்கலம் சொன்னபடி முழுசாக நின்றது. அந்த இடம் ஒரு காலத்தில் பள்ளம். செராமிக் கம்பெனிகளின் உடைசல்களைக் கொட்டித் தூர்த்த தரை. நடந்தால் காலடியில் நொறுங்கும். குனிந்து பார்த்தால் மண்ணுக்குள்ளிருந்து ஒரு பொம்மையின் பாதி முகம், வளைந்த கைவிரல், யானையின் காது என்று வெள்ளை வெள்ளையாக எட்டிப் பார்க்கும்.

"இங்கியா?" என்றாள் லிசா. எட்டாம் வகுப்புப் படிக்கிற பெண்.

"ரெண்டு வருசம்தான்" என்றான் அகஸ்டின்.

விமலாராணிக்குக் கம்பெனியில் பொம்மைகளைச் சுத்தம் செய்கிற வேலை. அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையில், இரண்டு பாதி சேர்கிற கோடு தலையிலிருந்து கால்வரை புடைத்து நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் தடவி மறைக்க வேண்டும். எண்ணிக்கைக்குக் கூலி. கேஸ் விலை ஏறியதிலிருந்து முதலாளி வாரம் நாலு நாள்தான் சூளை வைத்தார். மீதி நாள்களில் அவள் வீட்டில் இருந்தாள். லிசா பள்ளிக்கூடம் போய்விடுவாள். அகஸ்டின் விடியலில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவான். பகல் முழுக்க அந்த வரிசையில் அவள் ஒருத்திதான் ஆள்.

வெயில் ஏறும்போது தரைக்குள்ளிருந்து ஓசை வரும். டிங். சற்று நேரம் கழித்து வேறொரு இடத்திலிருந்து, டிங். பளபளப்பு ஏற்றிய உடைசல் சூட்டில் விரிசல் விடுகிற ஓசை அது. பதினாறு வருஷமாகக் கேட்ட ஓசைதான், அவளுக்குத் தெரியும். ஆனால் கம்பெனியில் அதைச் சுற்றிலும் நாற்பது பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். இங்கே அது மட்டும்தான் கேட்டது.

குடிவந்து மூன்றாம் வாரம், ஒரு வியாழக்கிழமை உச்சி வேளையில், கருவாட்டுக் குழம்பு வாசனை வந்தது.

அவள் அன்று ரசம்தான் வைத்திருந்தாள். வெளியே வந்து பார்த்தாள். வரிசை வெறிச்சென்று கிடந்தது. கடைசி வீட்டின் கூரையில்லாத சுவருக்கு மேலே, நூல் போல ஒரு புகை நேராக ஏறிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை. பார்த்துக்கொண்டிருந்தபோதே புகை அடங்கிவிட்டது. அவள் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டாள்.

மறுநாள் பாவாடையிடம் கேட்டாள். ரோட்டுக் கம்பெனி அடுக்கி வைத்திருந்த சிமெண்டுக் குழாய்களுக்குக் காவல்காரர். பெண்ணாடத்துக்காரர். இவர்கள் குடியிருப்பதைத் தெரிந்தும் தெரியாதவர் போல இருந்தார்.

"நீங்களும் பாத்துட்டீங்களா தங்கச்சி?" என்று குரலைத் தாழ்த்தினார். "அது மாரியம்மாள் வூடு. பணம் வந்ததும் வூட்ட வுட்டுப் போவணுமேன்னு ஏங்கி ஏங்கியே அந்தம்மா போய்ச் சேந்துட்டுதுன்னு சொல்றாங்க. பன்னெண்டு மணியிலேருந்து ரெண்டு மணி வரைக்கும் நான் அந்தப் பக்கம் திரும்பறதில்ல. நீங்களும் பாக்காதீங்க."

அகஸ்டினிடம் சொன்னாள். அவன் சிரிக்கவில்லை. "ஆயிரம் ரூவாய்க்கு வேற வூடு கெடைக்காது விமலா" என்றான். பிறகு, "செபமாலைய கையில வெச்சிக்க" என்றான்.

அடுத்த வாரம் மறுபடி வாசனை. வெங்காயம் வதங்குகிறது, பிறகு புளி கொதிக்கிறது என்று ஒவ்வொன்றாக வந்தது. பேய் சமைத்தால் புளி கொதிக்க இவ்வளவு நேரம் பிடிக்குமா என்று அவளுக்குத் தோன்றியது. ஜெபமாலையை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு நடந்தாள். காலடியில் உடைசல் நொறுங்கியது. ஒவ்வொரு காலி வாசலைத் தாண்டும்போதும் உள்ளே யாரோ அவளுக்காகப் பேச்சை நிறுத்தியது போல இருந்தது.

கடைசி வீட்டில் மூன்று சுவர்கள்தான் நின்றன. அடுப்படி இருந்த மூலையில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு எரிந்தது. ஐம்பத்தைந்து அறுபது வயதிருக்கும் ஒரு பெண் குந்தியிருந்து குழம்பைத் துழாவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். விமலாராணியின் கண் அவள் கால் தரையில் படுகிறதா என்று தேடியது.

அந்தப் பெண் சேலையைக் கணுக்கால்வரை தூக்கிக் காட்டினாள். "காலு இருக்குது, பாரு. வா, உக்காரு."

"நீங்கதான் மாரியம்மாளா?"

"ஆமா."

"நீங்க... செத்துட்டீங்கன்னு..."

"சொல்லிக்கிறாங்க. தெரியும். நீ அடைக்கலம் வூட்ல இருக்கறவதான? கருவாடு திம்பியா?"

அவள் தின்றாள். கத்தரிக்காய் போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. தலைக்கு மேலே வானம். சுவரில் இன்னும் காலண்டர் மாட்டிய ஆணி இருந்தது. நிலை போய்விட்ட அடுப்படி வாசலில் அரை முழ உயரப் படி மட்டும் மிஞ்சியிருந்தது; தண்ணீர் எடுக்கப் போன மாரியம்மாள் இல்லாத நிலைக்குத் தலையைக் குனிந்து, காலைத் தூக்கி அதைத் தாண்டினாள். மாரியம்மாள் சாப்பிட்டபடியே பேசினாள். பேச ஆள் கிடைத்து ரொம்ப நாளானது போல இருந்தது.

"மூணு சென்டு எடம், இந்த வூடு. அஞ்சு லச்சத்து இருவதாயிரம் பேங்குல போட்டாங்க. கொறன்னு சொல்லமாட்டன். கையெழுத்து வாங்கன அன்னிக்கு வெலைக்கு அது சரிதான். பணம் வந்து சேர பதினாலு மாசம் ஆச்சு. அதுக்குள்ளாற ரோடு வருது ரோடு வருதுன்னு மனையெல்லாம் ஏறிடுச்சு. நல்லூருல பாத்தன், ஸ்ரீமுஷ்ணம் ரோட்டுல பாத்தன். அஞ்சுன்னு சொன்னவன், போயி நிக்கறப்ப ஏழுங்கறான். நகைய வித்து ஏழுக்குத் தேத்தலாம்னு பாத்தா ஒம்பதுங்கறான். நான் நடந்து போறன், மனை எனக்கு முன்னால ஓடுது. எந்த ரோட்டுக்காவ வூட்டக் குடுத்தனோ, அதே ரோடுதான் எனக்கு வூடு இல்லாம பண்ணுது."

"இப்ப எங்க இருக்கறீங்க?"

"நல்லூருல, எம் பொண்ணு பிரபா வூட்ல. நல்ல பொண்ணு. மருமவனும் ஒரு வார்த்த சொன்னதில்ல. ஆனா அது அவங்க அடுப்பு. நான் என்னா ஆக்கணும்னு நான் நெனைக்க முடியாதில்ல? ஒரு நாளு சும்மா வூட்டப் பாத்துட்டு வரலாம்னு வந்தன். பொம்பளைங்களுக்குத்தான் டவுன் பஸ்ஸுல டிக்கெட்டு கெடையாதே. வந்ததும் பசிச்சுது, ஆக்கித் தின்னன். மறுநாளும் வந்தன். காசு குடுத்து வரணும்னா ரெண்டு நாளுல வுட்டிருப்பன். இதுவும் சர்க்காரு குடுக்கறதுதான்." அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "யாருகிட்டயும் சொல்லிடாத பொண்ணே" என்றாள். "ஆளு இருக்குதுன்னு தெரிஞ்சா தொரத்திடுவாங்க. இல்லன்னு நெனச்சாத்தான் வுட்டு வெப்பாங்க."

அதன் பிறகு சூளை வைக்காத நாள்களில் விமலாராணி கடைசி வீட்டுக்குப் போனாள். சில நாள் காய் கொண்டுபோவாள், சில நாள் அரிசி. மாரியம்மாளைப் பெரிம்மா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டாள். அகஸ்டினிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. வாக்கு கொடுத்தது ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது. பேய்ப் பயத்தில் பாவாடை அந்தப் பக்கம் வருவதில்லை, இரும்பு பொறுக்குகிறவர்கள் வருவதில்லை, அதிகாரிகளைக் கூட்டிவந்து காட்டுகிறவர்களும் இல்லை. அந்தப் பயம் அவள் குடியிருப்புக்கும் வேலிபோல இருந்தது.

அதனால், பாவாடை ஒருநாள் "இன்னும் வருதா?" என்று கேட்டபோது அவள் தயங்காமல் சொன்னாள்: "நெதம் வருதுண்ணே. பொகை வரும், வாசன வரும். சில நாளு உள்ளாற ஒரு பொம்பள குந்தியிருக்கறது தெரியும். கிட்ட போனா ஆளு இருக்காது."

பாவாடையின் கையில் மயிர் சிலிர்த்ததை அவள் பார்த்தாள். கொஞ்சம் வெட்கமாக இருந்தது. கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது.

இரண்டு வருஷம் என்று அடைக்கலம் சொன்னது மூன்றே மாதமானது. மாசிக் கடைசியில் ஒரு புதன்கிழமை காலை பொக்லைன் வண்டி வந்து நின்றது. கூடவே ஒரு ஜீப்பு. பேண்ட் சட்டை போட்ட ஒரு இளம் அதிகாரி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். மார்ச்சுக்குள் ஒதுக்கிய பணத்தைச் செலவு செய்தாக வேண்டும், இல்லையென்றால் திரும்பிப் போய்விடும், அதனால் இந்த வரிசையை இன்றைக்கே எடுத்துவிடுகிறோம் என்றார். விமலாராணி கதவிடுக்கில் நின்று கேட்டாள். அகஸ்டினுக்கு போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. டிராக்டர் சத்தத்தில் கேட்காது.

வண்டி ஏனோ முதல் வீட்டுப் பக்கம் வரவில்லை. சுற்றிக்கொண்டு மேற்கே, கடைசி வீட்டுக்குப் போனது. பேய் வீட்டை முதலில் எடுத்துவிடுங்கள் என்று பாவாடைதான் சொன்னார் போல. ஆளனுப்பி வாங்கிவந்த தேங்காயை உடைத்துக் கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழத்தை வண்டிச் சக்கரத்துக்கடியில் வைத்தார்கள். இதற்குள் மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது.

அவள் ஒரு சேலையில் துணிமணிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வாசனை வந்தது. மல்லி வறுபடுகிற வாசனை. மாரியம்மாள் வழக்கம்போலப் பின்பக்கமாக வந்திருக்கிறாள்.

வாசலுக்கு ஓடிவந்து பார்த்தாள். கடைசி வீட்டுச் சுவருக்கு மேலே புகை ஏறிக்கொண்டிருந்தது. பொக்லைன் கையைத் தூக்கியபடி நின்றிருந்தது. ஓட்டுகிறவர் உட்கார்ந்த இடத்திலிருந்து உள்ளே எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். விமலாராணி ஓடினாள். ஓடும்போதே பாவாடையின் குரல் கேட்டது.

"அது அப்பிடித்தான் தெரியும்யா. பொகை வரும், வாசன வரும். சில நாளு உள்ளாற ஒரு பொம்பள குந்தியிருக்கறது தெரியும். கிட்ட போனா ஆளு இருக்காது. நீ பாக்காத. கண்ண மூடிக்கிட்டு ஓட்டு."

தான் சொன்ன சொற்கள், ஒன்றுகூட மாறாமல்.

"நிறுத்துங்க!" என்று கத்தினாள். வண்டிச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இரும்புக் கை இறங்கி முன்சுவரைத் தொட்டது. சுவர் பாளமாகச் சரிந்தது. புழுதிக்குள் அவள் வாய்பொத்திக்கொண்டு நுழைந்தாள்.

மாரியம்மாள் அடுப்பெதிரில் குந்தியிருந்தாள். கையில் கரண்டி. எழுந்திருக்கவில்லை, கத்தவில்லை. சரிந்த சுவர் வழியாகத் தெரிந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை, முகம், தோள் எல்லாம் புழுதி அப்பி வெள்ளையாக இருந்தாள். சூளைக்குப் போகாத பச்சைப் பொம்மை போல இருந்தாள். விமலாராணி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். கை ஜில்லென்று இருந்தது.

"வாங்க பெரிம்மா! எழுந்திருங்க!"

இருவரும் வெளியே வந்ததும் பாவாடை பின்னால் நகர்ந்து விழுந்தார். ஓட்டுநர் இறங்கி நாலடி தள்ளி நின்றுகொண்டார். அவர் வாய் முணுமுணுத்தது.

"உசுரோட இருக்கற மனுசிங்க! வந்து தொட்டுப் பாருங்க!" என்று விமலாராணி அலறினாள். "நான்தான் பொய் சொன்னன். பேயெல்லாம் இல்ல. நான்தான் சொன்னன்!"

யாரும் தொட வரவில்லை.

ஜீப்பிலிருந்து அதிகாரி ஓடிவந்தார். நெற்றியில் வேர்த்திருந்தது. கையிலிருந்த தாளைப் புரட்டினார். "இந்த வரிசையில ஆள் யாரும் இல்லன்னு மூணு மாசம் முன்னாடியே எழுதியாச்சேம்மா. நீங்க யாரு? எங்க இருக்கீங்க?"

"இங்கதாங்க. மொத வூட்ல."

"அங்கயும் ஆள் இல்லன்னுதான் இருக்கு."

"இருக்கறோங்க. நானு, எம் புருசன், எம் பொண்ணு."

அவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். எதை நம்புவது என்று அவருக்குத் தெரியவில்லை போலிருந்தது. கடைசியில் இரண்டு நாள் அவகாசம் கொடுத்தார்.

அன்று பொழுது சாய்கிறவரை மாரியம்மாள் விமலாராணியின் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைக் கழுவிவிட்டு, டீ போட்டுக் கொடுத்தும் அவள் தம்ளரைத் தொடவில்லை.

"அந்த வண்டிக்காரன் என்னப் பாத்தான் பொண்ணே. நேருக்கு நேரா பாத்தான். நானும் அவன் கண்ணப் பாத்தன். பாத்துட்டுத்தான் வண்டிய வுட்டான்." தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப நான் இல்லியோன்னு எனக்கே ஆயிடுச்சு. அதான் எழுந்திரிக்கல."

விமலாராணி அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் அகஸ்டினுடைய டிராக்டரை வேறொருவனிடம் கொடுத்துவிட்டார்கள். யாரும் திட்டவில்லை. சாலைக்கு எடுத்த இடத்தில் குடியிருந்தவன் சாலை வேலையில் இருப்பது சரிப்படாது என்றார்கள். அவன் பழையபடி சூளைக்குப் போனான். அடைக்கலம் இரண்டு வாரம் பூசைக்கு வரவில்லை.

வழி சொன்னது அகஸ்டின்தான். "அந்தம்மா பணத்துக்கு மனைதான் வாங்க முடியாது, போக்கியத்துக்கு வூடு புடிக்கலாமில்ல? அஞ்சு லச்சம் குடுத்தா மூணு வருசத்துக்கு வாடகை கெடையாது, முடிஞ்சதும் பணம் திரும்பி வந்துரும். வூடு அவங்க பேருல, நாமளும் கூடவே இருந்துக்கலாம். அரிசி, கேஸு, கரண்டு நாம பாத்துக்குவம்."

"மூணு வருசங்கழிச்சு அந்த அஞ்சு லச்சத்துக்கு என்னா கெடைக்கும்?" என்றாள் விமலாராணி.

இருந்தாலும் நல்லூரில், பிரபா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு கூடமும் அடுப்படியும் உள்ள வீட்டைப் பேசி முடித்தார்கள். பத்திரத்தில் மாரியம்மாள் கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்காரர் விமலாராணியைக் காட்டி, "இவங்க உங்களுக்கு என்ன ஒறவு?" என்று கேட்டார். "அவதான் நான் இருக்கறன்னு சொன்னவ" என்றாள் மாரியம்மாள். அவருக்குப் புரியவில்லை.

புது வீட்டில் அடுப்பு மாரியம்மாளுடையது. என்ன ஆக்குவது என்று அவளே நினைத்து ஆக்கினாள். லிசாவும் அவளோடு ஒட்டிக்கொண்டாள். விமலாராணி டவுன் பஸ்ஸில் வேலைக்குப் போய் வந்தாள். நன்றாகத்தான் இருந்தது.

லிசாதான் முதலில் கேட்டாள். "பெரிம்மா ஏம்மா அங்க மட்டும் காலத் தூக்கித் தாண்டிப் போவுது?"

விமலாராணியும் கவனித்திருந்தாள். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே கதவு கிடையாது, படி கிடையாது. வழவழவென்று ஒரே சிமெண்டுத் தரை. மாரியம்மாள் அந்த இடம் வந்ததும் தலையைக் கொஞ்சம் குனிந்து, காலை அரை முழம் தூக்கி, பழைய வீட்டுப் படியைத் தாண்டியது போலவே தாண்டி வைத்துப் போவாள். கையில் சோற்றுப் பானை இருந்தாலும் அப்படித்தான். "ஒண்ணும் கேக்காத" என்றாள் விமலாராணி.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம், அகஸ்டின் ரேஷன் அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே அடுப்படிக்கு நடந்தான். அந்த இடத்தில் "அம்மா" என்று அலறி உட்கார்ந்துவிட்டான். மூட்டை சரிந்து அரிசி கொட்டியது. வலது கால் கட்டைவிரல் நகம் பாதி பெயர்ந்து ரத்தம் வந்தது.

விமலாராணி தரையைத் தடவிப் பார்த்தாள். ஒரு மேடில்லை, ஒரு கல்லில்லை. அகஸ்டினும் தடவிப் பார்த்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாரியம்மாள் மஞ்சளும் எண்ணெயும் கொண்டுவந்தாள். அந்த இடத்தில் காலைத் தூக்கி வைத்து வந்து, அவனருகில் உட்கார்ந்தாள்.

"பாத்து வரக் கூடாதா தம்பி?" என்று விரலுக்குத் துணி சுற்றினாள்.

மறுநாளிலிருந்து அகஸ்டினும் அங்கே காலைத் தூக்கி வைத்தான்.